மொரீஷியஸ் மாணவர்கள் வெளிநாட்டில் பொறியியல் படிக்க விண்ணப்பிக்கும் முறை

வெளிநாட்டில் பொறியியல் படிக்கப் பிள்ளையை அனுப்பலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தவுடன், எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், உலகத் தரவரிசையில் அதற்கு எத்தனையாவது இடம் என்ற கேள்விகளே முன்னால் வந்து நிற்கின்றன. இந்த வரிசை தலைகீழானது என்பது என் கருத்து. முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பட்டத்துடன் திரும்பி வருபவர் மொரீஷியஸில் பொறியாளராகப் பதிவு பெற முடியுமா என்பது. இரண்டாவது, நம் பள்ளியிறுதித் தேர்வான எச்.எஸ்.சி.யின் நாட்காட்டியும் அந்த நாட்டின் சேர்க்கை நாட்காட்டியும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முட்டிக்கொள்கின்றன என்பது. பணமும் ஊரும் அதற்குப் பின்னால்தான். எச்.எஸ்.சி.க்கான இரண்டாண்டுகளில் முதலாண்டான லோயர் சிக்ஸில் அடியெடுத்து வைக்கும் மாணவரையும், அவருடன் உட்கார்ந்து படிவம் நிரப்பப் போகும் பெற்றோரையும் மனத்தில் வைத்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

பட்டம் இங்கே செல்லுமா?

நம் நாட்டில் பொறியாளர் பதிவு 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த பதிவுபெற்ற பொறியாளர் கவுன்சிலின் கையில் இருக்கிறது. உயர்கல்வி ஆணையம் ஒரு வெளிநாட்டுப் பட்டத்தை இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று ஏற்றுக்கொள்வது வேறு, இந்தக் கவுன்சில் அதே பட்டத்தைப் பொறியாளர் பதிவுக்குப் போதுமானது என்று ஏற்றுக்கொள்வது வேறு. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறவர்கள் பலர். முதல் சான்று அலுவலக வேலைக்கு உதவும். ஒரு பாலத்தின் வரைபடத்தில் பொறியாளராகக் கையெழுத்திட வேண்டுமானால் இரண்டாவது இல்லாமல் ஆகாது.

இதைச் சோதிக்க உலகளவில் ஓர் அளவுகோல் இருக்கிறது. 1989இல் பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் பொறியியல் அமைப்புகள் கையெழுத்திட்ட வாஷிங்டன் உடன்பாடே அது. ஒரு நாட்டில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் படிப்பை மற்ற நாடுகளின் அமைப்புகளும் கல்வித் தகுதியாக மதிப்பதற்கு அது வழிசெய்கிறது. தென்னாப்பிரிக்கா 1999இலும், மலேசியா 2009இலும், இந்தியா 2014இலும், சீனா 2016இலும் அதில் முழு உறுப்பு பெற்றன. இதில் ஒரு நுணுக்கத்தைத் தவறவிடக் கூடாது. அங்கீகாரம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கப்படுவதில்லை, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் கொடுக்கப்படுகிறது. ஒரே வளாகத்தில் சிவில் பொறியியலுக்கு அங்கீகாரம் இருக்கலாம், சென்ற ஆண்டு தொடங்கிய மெக்கட்ரானிக்ஸ் படிப்புக்கு இல்லாமல் இருக்கலாம். இந்தியாவில் என்.பி.ஏ. எனப்படும் தேசிய அங்கீகார வாரியம் டயர் 1 என்று வகைப்படுத்தி அங்கீகரித்த படிப்புகள் மட்டுமே இந்த உடன்பாட்டுக்குள் வருகின்றன. தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கும் பொறியியல் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

பிரான்ஸ் இந்த உடன்பாட்டில் இல்லை. அதனால் பிரெஞ்சுப் பொறியாளர் பட்டம் மட்டமானது என்று ஆகிவிடாது. அங்கே 1934 முதல் சே.தே.இ. என்ற ஆணையமே எந்தப் பள்ளி பொறியாளர் பட்டம் வழங்கலாம் என்று தீர்மானித்து வருகிறது. ஆனாலும் பிரான்சுக்குப் போக நினைப்பவர் நம் கவுன்சிலிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. கேட்பதற்குப் பெரிய முறை எதுவும் தேவையில்லை. படிப்பின் முழுப்பெயர், எத்தனை ஆண்டுகள், அங்கீகாரம் அளித்த அமைப்பு, எந்த ஆண்டுச் சேர்க்கை வரை அது செல்லும் என்ற நான்கையும் குறிப்பிட்டு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பிரிட்டனில் இளநிலைப் பொறியியல் பட்டமான பி.இங். மூன்றாண்டு, முதுநிலை வரை சேர்த்துப் படிக்கும் எம்.இங். நான்காண்டு. சார்ட்டர்ட் என்ஜினியர் என்ற உயர் தொழில்முறைத் தகுதிக்கான கல்வி அடிப்படையை அங்கீகாரம் பெற்ற எம்.இங். முழுமையாக நிறைவு செய்கிறது, பி.இங். ஒரு பகுதியை மட்டுமே நிறைவு செய்கிறது, மீதிக்கு மேற்படிப்பு வேண்டும். ஓராண்டுச் செலவு மிச்சம் என்று பி.இங். தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. மிச்சமாவது எது, பின்னால் செலவாகப் போவது எது என்று தெரிந்து தேர்ந்தெடுத்தால் போதும்.

லோயர் சிக்ஸில் எடுக்கும் முடிவு

பாடத் தேர்வு என்பது, லோயர் சிக்ஸுக்கு முந்தைய பொதுத் தேர்வான எஸ்.சி.யின் முடிவு வந்த அவசரத்தில், நண்பர்கள் எந்த வகுப்புக்குப் போகிறார்கள் என்று பார்த்து எடுக்கப்படும் முடிவாகவே பெரும்பாலும் இருக்கிறது. பொறியியலுக்குக் கணிதமும் இயற்பியலும் பிரின்சிபல் நிலையில், அதாவது ஏ லெவல் எனப்படும் முழுப் பாடமாக, இருந்தே ஆக வேண்டும். சிக்கல் மூன்றாவது பாடத்தில்தான். பிரிட்டனில் வேதிப்பொறியியல் தவிர்த்த துறைகளுக்கு வேதியியலைப் பொதுவாகக் கட்டாயமாக்குவதில்லை. பொருளியலோ, டிசைன் அண்ட் டெக்னாலஜியோ இருந்தாலும் பல இடங்கள் ஏற்கின்றன. இந்தியாவுக்கு அப்படியில்லை. இந்திய அரசின் ஐ.சி.சி.ஆர். உதவித்தொகை வழியாகப் பி.இ., பி.டெக். படிக்க விரும்புவோருக்கு இயற்பியல், கணிதம், வேதியியல் மூன்றும் பள்ளி இறுதியில் இருக்க வேண்டும். ஆகவே இந்தியாவையும் ஒரு வாய்ப்பாக வைத்திருக்கும் வீட்டில் வேதியியலை விட்டுவிடக் கூடாது.

கணிதத்துக்குள்ளும் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. கேம்பிரிட்ஜ் தேர்வு அமைப்பின் 9709 எண் கொண்ட கணிதப் பாடத்திட்டத்தில் ஏ லெவல் முடிக்க இரண்டு வழிகள் உண்டு. தூய கணிதத்தின் 1ஆம், 3ஆம் தாள்கள் இரண்டு வழிகளுக்கும் பொது. மற்ற இரண்டு தாள்களாக, மெக்கானிக்ஸ் எனப்படும் 4ஆம் தாளையும் புள்ளியியலின் 5ஆம் தாளையும் எழுதலாம். அல்லது புள்ளியியலிலேயே 5ஆம், 6ஆம் தாள்களை எழுதி மெக்கானிக்ஸைத் தொடாமலே முடிக்கலாம். சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். ஆனால் பொறியியல் முதலாண்டில் விசைகளின் சமநிலையும் உராய்வும் முதல் வாரத்திலேயே வந்துவிடும் என்பதால், மெக்கானிக்ஸ் படிக்காதவருக்கு அந்த வாரம் மிக நீண்டதாக இருக்கும். கல்லூரி, அதாவது நம் மேல்நிலைப் பள்ளி, எந்த வழியில் கற்பிக்கிறது என்பதை லோயர் சிக்ஸின் தொடக்கத்திலேயே ஆசிரியரிடம் கேட்டுவிட வேண்டும். 9231 எனப்படும் ஃபர்தர் மேத்தமேட்டிக்ஸ் கற்பிக்கும் கல்லூரியாக இருந்து, மாணவருக்கும் கணிதம் கைவந்தால், கேம்பிரிட்ஜ், இம்பீரியல் போன்ற இடங்களுக்கு அது மிகப் பெரிய துணை.

சப்சிடியரி எனப்படும் துணைநிலையில் எடுத்த பாடத்தை ஏ லெவல் என்று படிவத்தில் எழுதக் கூடாது. தமிழைச் சப்சிடியரியாக எடுக்கும் பிள்ளைகள் நம்மிடையே உண்டு, அதை ஏ.எஸ். நிலைப் பாடமாகவே குறிப்பிட வேண்டும், ஆனால் குறிப்பிடாமல் விட்டுவிடவும் கூடாது. எழுதிய தேர்வுகள் அத்தனையையும் பட்டியலிடுவது விதி. அதோடு, பல மொழிகளில் படித்தவர் என்பது எந்தச் சேர்க்கை அலுவலர் கண்ணிலும் நல்லதாகவே படும்.

நாட்காட்டி

நம் மாணவருக்கு உள்ள வசதியும் தொல்லையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. எச்.எஸ்.சி. எழுதுவது அக்டோபர், நவம்பரில். முடிவு வருவது தைப்பூசக் காவடியை ஒட்டிய நாட்களில். வட அரைக்கோளத்தில் கல்வியாண்டு தொடங்குவதோ செப்டம்பரில்.

பிரிட்டனுக்கு இது வசதியாக அமைகிறது. யூகாஸ் என்ற பொதுச் சேர்க்கை அமைப்பின் வழியாக ஐந்து இடங்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். பெரும்பாலான படிப்புகளுக்கான கடைசி நாள் ஜனவரியில் வருகிறது. 2026ஆம் ஆண்டுச் சேர்க்கைக்கு அது ஜனவரி 14 என்று வைக்கப்பட்டது. நேரம் லண்டனில் மாலை 6 மணி, அதாவது நமக்கு இரவு 10 மணி. அந்த வேளையில் நம் மாணவர் தேர்வெல்லாம் எழுதி முடித்து முடிவுக்காகக் காத்திருப்பார். கல்லூரித் தலைவரான ரெக்டர் எழுதும் பரிந்துரையுடனும் எதிர்பார்க்கப்படும் மதிப்பெண்களுடனும் விண்ணப்பம் போய்ச் சேரும். முடிவு வந்தவுடன் அதைப் பல்கலைக்கழகத்துக்கு மாணவரே அனுப்பிவைக்க வேண்டும். தானாகப் போய்விடும் என்று இருந்துவிடக் கூடாது. பிரிட்டன் மாணவர்கள் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை முடிவுக்காகக் காத்திருக்கும்போது, நம் பிள்ளை கையில் நிபந்தனையற்ற இடம் மாதக்கணக்கில் முன்னதாகவே இருக்கும். விடுதி, வங்கி, விசா எல்லாவற்றையும் நிதானமாகப் பார்க்க இந்த மாதங்கள் உதவும். எதிர்பார்த்த மதிப்பெண் வராவிட்டாலும் கதவு மூடிவிடாது: மீதமுள்ள இடங்களுக்கான வழிகளாகப் பிப்ரவரி இறுதியில் யூகாஸ் எக்ஸ்ட்ராவும் ஜூலையில் கிளியரிங்கும் திறக்கின்றன.

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டின் கதை வேறு. அவற்றுக்குக் கடைசி நாள் அக்டோபர் 15, நம் நேரம் இரவு 9 மணி. இரண்டில் ஒன்றுக்கு மட்டுமே ஓர் ஆண்டில் விண்ணப்பிக்க முடியும். கேம்பிரிட்ஜும் இம்பீரியல் கல்லூரியும் பொறியியலுக்கு 2024 முதல் ஈசாட் என்ற நுழைவுத் தேர்வை வைக்கின்றன. ஒவ்வொரு பகுதியிலும் 40 நிமிடத்தில் 27 கேள்விகள், எல்லாம் கொள்குறி வகை, கால்குலேட்டர் கிடையாது. கால்குலேட்டருடனே எச்.எஸ்.சி. கணிதம் போட்டுப் பழகிய கைக்கு இந்த ஒரு விதி போதும், தடுமாற. கேம்பிரிட்ஜுக்கு எழுதுவோருக்கான பதிவு செப்டம்பரிலேயே முடிந்துவிடும், தேர்வோ எச்.எஸ்.சி. நடக்கும் அக்டோபரில் வரும். இரண்டையும் ஒரே மாதத்தில் சுமக்க முடியாத பிள்ளை, முடிவு கைக்கு வந்தபின் அடுத்த அக்டோபரில் விண்ணப்பிப்பதே மேல் என்று நான் சொல்வேன். ஓராண்டு போகிறதே என்று பெரியவர்கள் வருந்துவார்கள்தான், ஆனால் எச்.எஸ்.சி.யும் கெட்டு நுழைவுத் தேர்வும் கெட்டால் போவது அதைவிட அதிகம்.

தென்னாப்பிரிக்காவில் நிலைமை நேர்மாறு. கேப் டவுன் பல்கலைக்கழகம் போன்றவற்றில் விண்ணப்பங்கள் முந்தைய ஆண்டின் நடுவிலேயே முடிந்துவிடுகின்றன. வகுப்பு பிப்ரவரியில் தொடங்குகிறது. நம் முடிவு அப்போதுதான் வெளிவருகிறது. வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழை அங்கே பட்டப்படிப்புக்கு ஏற்கச் செய்யும் மெட்ரிகுலேஷன் விலக்குச் சான்றும் படிப்பு விசாவும் அதற்குமேல் இருப்பதால், அதே ஆண்டில் போய்ச் சேருவது ஓட்டமும் நடையுமாகத்தான் இருக்கும். கேப் டவுனுக்கு என்.பி.டி. எனப்படும் நுழைவுத் தேர்வும் எழுத வேண்டுமா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனாலும் இந்த நாட்டை எளிதில் ஒதுக்கிவிட வேண்டாம். ஆப்பிரிக்காவின் தெற்குப் பகுதி நாடுகள் சேர்ந்த வளர்ச்சிச் சமூகத்தில் (எஸ்.ஏ.டி.சி.) மொரீஷியஸ் 1995 முதல் உறுப்பு நாடு. அந்தச் சமூகத்தின் 1997ஆம் ஆண்டுக் கல்வி நெறிமுறை, உறுப்பு நாட்டு மாணவர்களைக் கட்டண விஷயத்தில் உள்நாட்டு மாணவர்களைப் போல நடத்தச் சொல்கிறது. இதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் எப்படிக் கடைப்பிடிக்கிறது என்பதை அதன் கட்டணக் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். நான்காண்டுப் பட்டம், வாஷிங்டன் உடன்பாட்டுக்குள் வரும் அங்கீகாரம், சில மணி நேர விமானப் பயணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பவுண்டில் கட்டணம் கட்ட முடியாத குடும்பத்துக்கு இது முதல் தேர்வாகவே இருக்கலாம்.

இந்தியாவில் கல்வியாண்டு ஜூலை, ஆகஸ்டில் தொடங்குவதால் நம் நாட்காட்டியோடு மோதல் இல்லை. ஐ.சி.சி.ஆர். விண்ணப்பத்தை இணையத்தில் நிரப்பி, ஐந்து பல்கலைக்கழகங்களை விருப்ப வரிசையில் குறிக்க வேண்டும். போர்ட் லூயிஸில் உள்ள இந்திய ஹை கமிஷன் நம் நாட்டு விண்ணப்பங்களைக் கவனிக்கிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களான என்.ஐ.டி.களில் சேர டாசா என்ற தனி வழி உண்டு, அதற்கு ஜே.இ.இ. மெயின் என்ற இந்திய நுழைவுத் தேர்வை எழுதியிருக்க வேண்டும். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் வளாகம். அங்கே வெளிநாட்டு மாணவர்களுக்கு இடங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்குப் போக நம் பிள்ளைகளுக்கு ஆசை வருவது இயல்பு. பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில்தான் என்பதையும், விடுதிச் சாப்பாடும் சென்னை வெயிலும் வார இறுதி வகுப்பில் கற்ற தமிழால் குளிர்ந்துவிடாது என்பதையும் தெரிந்துகொண்டு போனால் நல்லது.

பிரான்சுக்கு விண்ணப்பிப்போர் காம்பஸ் பிரான்ஸ் நடத்தும் தளத்தின் வழியாகச் செல்ல வேண்டும். பி2 எனப்படும் மேல் இடைநிலைப் பிரெஞ்சுக்குச் சான்று பெரும்பாலும் கேட்கப்படும். வீட்டில் கிரியோலும் கல்லூரியில் பிரெஞ்சும் பேசி வளர்ந்தவர்களுக்கு அந்தத் தேர்வு கடினமல்ல, ஆனால் பதிவு செய்து எழுத வேண்டும். பள்ளி முடித்தவுடன் ஐந்தாண்டுப் படிப்பில் நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் இன்சா லியோன் போன்ற பள்ளிகள் நம் மாணவருக்கு ஏற்றவை. இரண்டாண்டு பிரெபா வகுப்பில் உட்கார்ந்து போட்டித் தேர்வு எழுதும் வழி, பிரெஞ்சு லிசேயில் படித்து வந்தவர்களுக்கே அதிகம் பழக்கமானது.

அமெரிக்காவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். எம்.ஐ.டி. போன்ற சில பல்கலைக்கழகங்கள், குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்று பாராமல் வெளிநாட்டு மாணவரையும் தேர்ந்தெடுத்து, தேவையான உதவியைத் தருகின்றன. ஆனால் அங்கே இடம் கிடைப்பது மிக அரிது. எஸ்.ஏ.டி. தேர்வும் கட்டுரைகளும் ஆண்டு முழுதும் உழைப்பைக் கேட்பவை. மிக நல்ல மாணவர் ஒரு கூடுதல் முயற்சியாக வைத்துக்கொள்ளலாம், ஒரே முயற்சியாக அல்ல.

விண்ணப்பத்தில் எழுதும் பகுதி

யூகாஸின் தன்விளக்கக் கட்டுரை 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: இந்தப் பாடத்தை ஏன் படிக்க விரும்புகிறீர்கள், உங்கள் படிப்பு இதற்கு உங்களை எப்படித் தயார் செய்தது, பள்ளிக்கு வெளியே என்ன செய்தீர்கள், அது ஏன் பயன்படும். ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350 எழுத்துகள், மூன்றுக்கும் சேர்த்து அதிகபட்சம் 4,000 எழுத்துகள். இடைவெளிகளும் கணக்கில் சேரும்.

சிறு வயது முதலே எனக்கு இயந்திரங்கள் மேல் ஆர்வம் என்று தொடங்கும் கட்டுரைகளைப் படித்துப் படித்து அலுத்தவர்களே அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் தீவிலேயே எழுதுவதற்குக் கொட்டிக் கிடக்கிறது. ஃபிளாக் பக்கத்துப் பிள்ளை ஒருவர் சர்க்கரை ஆலையைத் தினமும் கடந்து போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள் என்று எழுதினால் அது செய்தி. ஆலையிலிருந்து வரும் சக்கையில் ஏறக்குறைய பாதி எடை தண்ணீர். ஒரு கிலோ சக்கையில் உள்ள அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்க மட்டும், உள்ளுறை வெப்பக் கணக்கின்படி, ஒரு மெகாஜூலுக்கு மேல் வீணாகிறது. அப்படியானால் புகைபோக்கியில் வெளியேறும் வெப்பத்தைக் கொண்டே சக்கையை முன்கூட்டி உலர்த்தினால் என்ன, உலர்ந்த சக்கை தீப்பிடிக்கும் அபாயத்தை எப்படிச் சமாளிப்பது என்று எழுதினால் அது பொறியியல். இதற்கு வேண்டிய அறிவெல்லாம் எச்.எஸ்.சி. இயற்பியலுக்குள்ளேயே இருக்கிறது. போர்ட் லூயிஸில் 2013 மார்ச் 30 அன்று 11 உயிர்களைப் பறித்த வெள்ளத்தைப் பற்றி எழுத நினைக்கும் சிவில் மாணவரும் இவ்வாறே, துயரத்தை வருணிப்பதை விட்டுவிட்டு, தன் தெருவின் வடிகாலுடைய அகலத்தையும் சரிவையும் அளந்து அதில் எவ்வளவு நீர் ஓடும் என்று கணக்கிட்டுக் காட்டலாம். மெட்ரோ எக்ஸ்பிரஸில் தினமும் கல்லூரிக்குப் போகிறவருக்கும், ஷாம்பாஞ் நீர்மின் நிலையத்தைச் சுற்றிப் பார்த்தவருக்கும் இப்படி ஒரு கேள்வி கிடைக்காமல் போகாது.

கட்டுரையை அண்ணனிடமிருந்தோ இணையத்திலிருந்தோ எடுத்து எழுத வேண்டாம். யூகாஸ் ஒவ்வொன்றையும் பழைய கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளில் போடுகிறது. ஒற்றுமை தெரிந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த பல்கலைக்கழகங்களுக்குச் சொல்லிவிடுகிறது.

பரிந்துரைக் கடிதத்துக்கு அப்பர் சிக்ஸின் இரண்டாம் பருவத்திலேயே ரெக்டரையும் பாட ஆசிரியர்களையும் பார்த்துப் பேசிவிடுங்கள். மாதிரித் தேர்வின் மதிப்பெண்ணை வைத்தே எதிர்பார்ப்பு மதிப்பெண் எழுதப்படுவதால், அந்தத் தேர்வை ஒத்திகை என்று அலட்சியமாக எழுதும் பழக்கம் இங்கே விலைகொடுக்க வைக்கும்.

பெயரும் சான்றிதழ்களும்

நம் சமூகத்துக்கே உரிய ஒரு தொல்லை இது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோரின் பெயர்களைப் பிரெஞ்சு, ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி பதிவு செய்தார்கள். ஆறுமுகம் என்ற ஒரே பெயர் லத்தீன் எழுத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் வேறு வேறாக நிற்பதும், ஒரே வீட்டில் தந்தையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் மகனுடையதில் வேறு விதமாகவும் இருப்பதும் நமக்குப் புதிதல்ல. உள்நாட்டில் யாரும் இதைப் பெரிதாகக் கேட்பதில்லை. விசா அதிகாரி கேட்பார், ஏனெனில் பணம் தந்தையின் கணக்கில் இருக்கிறது, மகன் அவருடைய மகன்தான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழே ஆதாரம்.

ஆகவே முதல் வேலையாகக் கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், எஸ்.சி. சான்றிதழ், தேர்வுப் பதிவு ஆகியவற்றை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் பிறப்பு, இறப்புகளைப் பதியும் சிவில் ஸ்டேட்டஸ் அலுவலகத்தில் திருத்தம் கோரலாம், அல்லது இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று உறுதிமொழிப் பத்திரம் தயார் செய்யலாம். எது ஏற்கப்படும் என்று விசா அலுவலகத்தின் வழிகாட்டுதலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விண்ணப்பங்கள் அனைத்திலும் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். நற்சான்று கேட்கும் நாடுகளுக்கு அதைப் பெறவும் காலம் பிடிக்கும் என்பதால் கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள்.

பணமும் விசாவும்

2019 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. ரெதுய்யில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமே இருக்கிறது. அங்கே இளநிலை முடித்து, முதுநிலைக்கு மட்டும் வெளிநாடு போவதை ஏதோ தோற்றவர்களின் வழி போல நினைப்பது எனக்குப் புரிவதில்லை. வீட்டு நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கையும் ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். செவனிங் போன்ற பெயர்பெற்ற உதவித்தொகைகள் முதுநிலைக்கு மட்டுமே. பள்ளி முடித்தவர் அதற்கு விண்ணப்பித்துக் காலத்தை வீணாக்க வேண்டாம். பள்ளி முடித்தவருக்கு உரியவை எச்.எஸ்.சி.யில் முன்னணி இடங்களைப் பெறும் லோரியட்களுக்கு நம் அரசு தரும் உதவித்தொகை, ஐ.சி.சி.ஆர்., அந்தந்தப் பல்கலைக்கழகம் தரும் கட்டணக் குறைப்பு ஆகியவை. கல்விக் கண்காட்சிகளில் சந்திக்கும் முகவர் உங்களிடம் கட்டணம் வாங்காவிட்டால், பல்கலைக்கழகத்திடம் தரகு வாங்குகிறார் என்று பொருள். அதில் குற்றமில்லை, ஆனால் அவர் பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகங்களைப் பற்றி அவரிடம் யோசனை கேட்பதில் பயனில்லை.

பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் சுற்றுலாவாகப் போக மொரீஷியஸ் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டாம் என்பதால், படிப்புக்கும் அப்படித்தான் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். படிப்பு விசா கட்டாயம் வேண்டும், அதை இங்கிருந்தே பெற்றுச் செல்ல வேண்டும். பிரிட்டனின் மாணவர் விசாவுக்கு, முதலாண்டுக் கட்டணத்தில் கட்டாமல் பாக்கியிருக்கும் தொகையும் ஒன்பது மாதம் வரையிலான வாழ்க்கைச் செலவும் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் இருந்தாக வேண்டும். அந்த 28 நாட்களின் கடைசி நாள், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் விழ வேண்டும். ஒரே ஒரு நாள் இருப்பு குறைந்தாலும் எண்ணிக்கை அறுந்துவிடும். வீட்டுக் கடன் தவணையும் கார்த் தவணையும் பிடிக்கப்படும் சம்பளக் கணக்கில் இந்தப் பணத்தை வைப்பது அதனால்தான் ஆபத்து. தனிக் கணக்கு ஒன்றைத் திறந்து, பவுண்டின் ஏற்றத்தைத் தாங்கும் அளவுக்குச் சற்றுக் கூடுதலாகவே போட்டு வையுங்கள். பணம் பெற்றோர் பெயரில் இருந்தால் அவர்களின் ஒப்புதல் கடிதமும் வேண்டும்.

பிரிட்டனில் சுகாதாரக் கட்டணம் என்று ஆண்டுக்கு 776 பவுண்டு மாணவரிடம் வசூலிக்கப்படுகிறது. அதை ஆண்டுதோறும் கட்ட முடியாது. முழுப் படிப்புக்கும் சேர்த்து விசா விண்ணப்பத்தின்போதே கட்ட வேண்டும் என்பதால், எம்.இங். மாணவர் 3,000 பவுண்டுக்கு மேல் ஒரே மூச்சில் எடுத்து வைக்க நேரும். வீட்டுக் கணக்குகளில் பெரும்பாலும் விட்டுப்போகும் தொகை இதுதான்.

எம்.இங். படிப்புகள் சிலவற்றுக்கு ஏட்டாஸ் என்ற பாதுகாப்பு அனுமதியும் தேவைப்படும். கட்டணம் இல்லை, ஆனால் வாரக்கணக்கில் ஆகும், அது கைக்கு வராமல் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியாது. தேவையா இல்லையா என்பதைப் பல்கலைக்கழகம் தன் சேர்க்கைக் கடிதத்தில் தெரிவிக்கும். தேவை என்றிருந்தால் அந்த வாரமே இணையத்தில் விண்ணப்பியுங்கள். சேர்க்கையை உறுதிசெய்யும் காஸ் எண் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தபின், வகுப்பு தொடங்க ஆறு மாதம் இருக்கும்போதிலிருந்தே விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். ஜூன் மாதத்துக்குள் இதை முடித்துவிட்டால், ஜூலை, ஆகஸ்டில் கூடும் நெரிசலிலிருந்து தப்பலாம். ஏதேனும் ஒரு தாள் குறைகிறது என்று கேட்டுவந்தாலும் அதைத் தேடி எடுத்து அனுப்ப அவகாசம் இருக்கும்.